நுண்குழாயில் எடை அறியும் வித்தை

கொத்தவரை விதையிலிருந்து எடுக்கப்பெறும் பசைமாவில் ஒரு கிராம் அளந்து, நூறு கிராம் தண்ணீரில் கட்டி தட்டாமல் தூவிக் கலக்கிச் சில மணி நேரம் ஊறவிட்டால், அந்தத் தண்ணீர் தண்ணீராக இராமல், பாத்திரத்தைச் சாய்த்தாலும் தயங்கித் தயங்கி வழிகிற கூழாகிவிடுகிறது. அதன் பாகுநிலை தெளிந்த நீரின் பாகுநிலையைப் போல் ஆயிரக்கணக்கான மடங்கு ஏறியிருப்பதைக் கருவிகள் காட்டுகின்றன. அதே நூறு கிராம் தண்ணீரில் அதே ஒரு கிராம் சர்க்கரையைக் கரைத்தாலோ, பாகுநிலை நூற்றுக்கு மூன்று பங்குகூட ஏறுவதில்லை. இத்தனைக்கும் இரண்டு பதார்த்தங்களும் ஒரே குலத்தைச் சேர்ந்தவை. கொத்தவரைப் பசையும் மானோஸ், காலக்டோஸ் என்னும் சர்க்கரை வகைகளால் ஆனதே. சர்க்கரையில் இரண்டு சிறு அலகுகள் இணைந்து ஒரு மூலக்கூறாய் நிற்க, பசையில் அத்தகைய அலகுகள் ஆயிரக்கணக்கில் ஒன்றன்பின் ஒன்றாகக் கோக்கப்பெற்று நெடிய சங்கிலியாய் நிற்பதுதான் இத்தனை பெரிய வேற்றுமைக்கும் காரணம்.

இயற்கை இவ்வாறு சங்கிலி கோத்துச் செய்திருக்கும் பொருள்களைப் பலபடிகள் என்றும், பாலிமர்கள் என்றும் வழங்குகிறோம். பருத்தியும் மரநாரும் செல்லுலோஸ் என்னும் சங்கிலி. ரப்பர் ஒரு சங்கிலி. அரிசிக் கஞ்சியின் ஸ்டார்ச்சு, பட்டு, தோல், தசை, உயிரணுவுக்குள் பரம்பரைச் செய்தியைத் தாங்கி நிற்கும் டி.என்.ஏ. ஆகிய யாவும் சங்கிலிகளே. இவற்றுள் ஒரு மூலக்கூறின் எடை எவ்வளவு, அதன் நீளம் எவ்வளவு, அது சுருண்டு கிடக்கிறதா விறைத்து நிற்கிறதா என்ற வினாக்கள், இன்று மாணவர் பாடமாய்ப் படிக்கும் வினாக்களாயினும், நூறு ஆண்டுகளுக்கு முன்பு பெரும் ரசாயன அறிஞர்களையே இரு கட்சிகளாகப் பிரித்து வாதாடச் செய்தவை. அந்த வாதத்தில் சாட்சி சொல்லிய சாதனங்களுள் மிக எளியதும், விலை மலிந்ததும், என் உள்ளத்தை மிகவும் கவர்ந்ததுமான ஒன்றைப் பற்றியே இங்கு விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். அது ஒரு கண்ணாடிக் குழாயும் ஒரு கடிகாரமும் அன்றி வேறில்லை.

குழாயில் திரவம் ஓடும் விதியைக் கண்டவர்களுள் ஒருவர் ரசாயனம் பயின்றவர் அல்லர், மருத்துவம் பயின்றவர். 1797இல் பாரிஸில் பிறந்த புவாஸேய், உடலின் மிக நுண்ணிய நாளங்களில் இரத்தம் எவ்வாறு ஓடுகிறது என்பதை அறிய விரும்பி, மயிரிழை போன்ற துளையுடைய கண்ணாடிக் குழாய்களில் நீரைச் செலுத்தி, அழுத்தத்தையும் நீளத்தையும் துளையின் அகலத்தையும் ஒவ்வொன்றாக மாற்றி, ஓட்டத்தை அளந்தார். துளையின் அகலம் பாதியாகக் குறையுமானால் ஓட்டம் பாதியாகக் குறைவதில்லை, காற்பங்காகவும் குறைவதில்லை, பதினாறில் ஒரு பங்காகிவிடுகிறது என்பது அவர் கண்ட உண்மை. ஜெர்மானியப் பொறியாளர் ஹாகனும் ஏறத்தாழ அதே காலத்தில், 1839இல், தனியே அதைக் கண்டார். பாகுநிலையின் அலகுக்குப் ‘பாய்ஸ்’ என்று பெயரிட்டது புவாஸேயின் நினைவாகவே. இருபது டிகிரி வெப்பத்தில் தண்ணீரின் பாகுநிலை ஏறத்தாழ ஒரு பாய்ஸில் நூறில் ஒரு பங்கு. அதனைச் சென்டிபாய்ஸ் என்பர்.

துளையும் நீளமும் மாறாத ஒரே குழாயில், ஒரே அளவு திரவம் தன் எடையாலேயே இறங்க எடுத்துக்கொள்ளும் நேரம் அதன் பாகுநிலைக்கு ஏற்ப நீளுகிறது என்பது இவ்விதியிலிருந்து கிடைக்கும் பயன். இதனை ஆதாரமாகக் கொண்டு வில்ஹெல்ம் ஆஸ்ட்வால்டு ஓர் எளிய வளைகுழாயை அமைத்தார். பின்னர் லியோ உபெலோடே அதைத் திருத்தி மூன்று கிளைகளுள்ள குழாயாக்கினார். இன்றும் ஆய்வுக்கூடங்களில் மிகுதியாகக் காணப்படுவது இந்த உபெலோடே குழாயே.

அதைப் பயன்படுத்தும் முறையைச் சற்று அருகில் நின்று பார்ப்போம். கைநீளத்துக்குக் குறைவான அந்தக் கண்ணாடிக் கருவியைக் குரோமிக் அமிலத்தாலோ வேறு தக்க திரவத்தாலோ கழுவி உலர்த்தி, ஒரு தூசும் இல்லாதபடி வடிகட்டிய கரைப்பானை அகன்ற கிளை வழியே ஊற்றி, வெப்பநிலை மாறாத நீர்த்தொட்டியில் செங்குத்தாக நிறுத்துகிறார்கள். தொட்டியின் வெப்பம் ஒரு டிகிரியின் நூறில் சில பங்குக்கு மேல் அசையலாகாது. ஏனெனில் ஒரு டிகிரி ஏறினாலே தண்ணீரின் பாகுநிலை நூற்றுக்கு இரண்டு பங்கு இறங்கிவிடும். பத்து நிமிடமோ அதற்கு மேலோ காத்திருந்து, குழாயும் திரவமும் தொட்டியின் வெப்பத்தை முழுதும் அடைந்த பின்னர், ரப்பர்க் குமிழால் திரவத்தை நுண்துளை வழியே மேலே இழுத்து, மேற்குமிழ் நிரம்பியதும் விட்டுவிடுகிறார்கள். கீழே, நுண்துளை முடியும் இடத்தில் காற்று புகுந்து திரவத்தைத் துண்டித்து நிற்க, குமிழின் மேல் கீறலைத் திரவத்தின் விளிம்பு தாண்டும் கணத்தில் கடிகாரம் ஓடத் தொடங்குகிறது; கீழ்க் கீறலைத் தாண்டும் கணத்தில் நிற்கிறது. இதையே மீண்டும் மீண்டும் செய்து, நேரங்கள் ஒரு வினாடியின் பத்தில் ஓரிரு பங்குக்குள் ஒத்து வந்தால்தான் அந்த எண்ணைக் குறிப்பேட்டில் ஏற்றுவார்கள். ஒரு நூலிழையோ ஒரு சிறு காற்றுக்குமிழோ துளையில் அகப்பட்டுக்கொண்டால் நேரங்கள் சிதறும். அப்போது அனைத்தையும் கொட்டிக் கழுவி முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.

கரைப்பான் மட்டும் இறங்க 120 வினாடி ஆயிற்று என்றும், நூறு மில்லிலிட்டருக்கு ஒரு கிராமில் பத்தில் ஒரு பங்கு பலபடி கரைந்த கரைசல் இறங்க 168 வினாடி ஆயிற்று என்றும் வைத்துக்கொள்வோம். பின்னதை முன்னதால் வகுத்தால் 1.4, அதில் கரைப்பானுக்குரிய ஒன்றைக் கழித்தால் 0.4. இந்த 0.4 பலபடியின் வரவால் நேர்ந்த மிகுதி. அதைச் செறிவால் வகுத்தால், இவ்வளவு பதார்த்தத்துக்கு இவ்வளவு மிகுதி என்ற கணக்குக் கிடைக்கும். ஆனால் ஒரே கரைசலோடு நிறுத்திவிட முடியாது. கரைசலில் சங்கிலிகள் ஒன்றையொன்று இடறிக்கொண்டு ஓட்டத்தைத் தடுப்பதால், காணும் எண்ணில் ஒரு சங்கிலியின் தனிக்குணத்தோடு கூட்டத்தின் குணமும் கலந்திருக்கும். ஆகவே அக்குழாய்க்குள்ளேயே கரைப்பானைச் சிறிது சிறிதாகச் சேர்த்துக் கரைசலை நீர்க்கச் செய்து, ஒவ்வொரு நிலையிலும் நேரம் பார்த்து, கிடைத்த எண்களை வரைதாளில் புள்ளியிட்டு, அப்புள்ளிகளினூடே ஒரு நேர்கோடு இழுத்து, செறிவு சுழியாகும் இடம் வரை அதை நீட்டுகிறார்கள். குழாயில் எவ்வளவு திரவம் இருப்பினும் நேரம் மாறாதபடி அமைந்திருப்பதே உபெலோடே செய்த திருத்தத்தின் சிறப்பு. இப்படி உள்ளேயே நீர்க்கச் செய்வதற்கு அதுவே இடம் தருகிறது. கோடு சென்று முட்டும் அந்த எண்ணுக்கு உள்ளார்ந்த பாகுநிலை என்று பெயர். தன்னந்தனியாக, வேறு துணையின்றி, எல்லையற்ற கரைப்பானில் மிதக்கும் ஒரு சங்கிலியின் குணம் அதில் அடங்கியிருக்கிறது.

இந்த எண்ணின் அலகை நோக்கும்போது ஓர் அரிய விஷயம் புலப்படுகிறது. ஒரு கிராமுக்கு இத்தனை கன சென்டிமீட்டர் என்றே அதைக் கூறுகிறார்கள். அதாவது, அது எடையை அன்று, இடத்தையே சொல்கிறது. ஒரு கிராம் பலபடி கரைசலில் எவ்வளவு இடத்தைத் தன் ஆட்சிக்கு உட்படுத்திக்கொள்கிறது என்பதைச் சொல்கிறது. பாகுநிலையைக் கொண்டு மூலக்கூறின் எடையை அறிய முற்படும் எவரும் முதலில் மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டிய உண்மை இதுவே என்று நான் கருதுகிறேன். இதை மறந்தவர்களே தடுமாறினார்கள்.

இடத்துக்கும் பாகுநிலைக்கும் உள்ள உறவைக் கணக்கிட்டுக் காட்டியவர் ஐன்ஸ்டைன். சார்பியல் சித்தாந்தம் வெளிவந்த அதே 1905இல் ஜூரிக் பல்கலைக்கழகத்துக்கு அவர் அளித்த பட்ட ஆய்வுரை, சர்க்கரைக் கரைசலின் பாகுநிலையிலிருந்து சர்க்கரை மூலக்கூறின் பருமனைக் கண்டறிவது பற்றியது. உருண்டையான துகள்கள் ஒரு திரவத்தில் மிதந்தால், அவை அடைத்துக்கொள்ளும் கன அளவின் பங்குக்கு ஏற்பப் பாகுநிலை ஏறும் என்பது அதன் முடிவு. முதலில் அச்சான கணக்கில் ஒரு பிழை புகுந்திருந்தது. ழான் பெரனின் ஆய்வுக்கூடத்தில் பான்ஸ்லன் செய்த பரிசோதனைகள் கணக்கோடு ஒத்துவராமையால் அது வெளிப்பட்டு, 1911இல் திருத்தப்பெற்று, அந்தப் பங்கை இரண்டரையால் பெருக்க வேண்டும் என்று நிலைபெற்றது. உருண்டைகள் பெரியவையா சிறியவையா என்பது இந்த விதியில் எங்கும் வரவேயில்லை. மொத்தத்தில் அவை அடைக்கும் இடம் எவ்வளவு என்பது மட்டுமே வருகிறது.

இது எவ்வளவு உண்மை என்பதைப் புரதங்களில் காணலாம். ரைபோநியூக்ளியேஸ் என்னும் சிறு நொதியின் மூலக்கூறு எடை ஏறத்தாழ 13,700. இரத்தத்தில் உள்ள ஆல்புமின் 67,000 அளவுடையது. தக்காளிச் செடியைப் பற்றும் ஒரு வைரஸின் எடையோ ஒரு கோடிக்கும் மேல். இவை மூன்றும் இறுக மடிந்த உருண்டை வடிவின. மூன்றின் உள்ளார்ந்த பாகுநிலையும் கிராமுக்கு மூன்றிலிருந்து நான்கு கன சென்டிமீட்டருக்குள் அடங்கிவிடுகிறது. ஆனால் தோலிலும் எலும்பிலும் உள்ள கொலாஜன், மூன்றரை லட்சத்துக்குச் சற்றுக் குறைந்த எடையோடேயே, ஆயிரத்தைத் தாண்டிவிடுகிறது. டி.என்.ஏ.யின் ஒரு மாதிரியில் அது ஐயாயிரம் வரை போயிருக்கிறது. நூலை இறுக்கிச் சுற்றி உருண்டையாக வைத்தால் அது உள்ளங்கையில் அடங்குவதும், அதே நூலைத் தளர அவிழ்த்துவிட்டால் ஒரு கூடை நிறைய இடம் கேட்பதும் போல, சங்கிலியாய்த் தளர்ந்து கிடக்கும் மூலக்கூறு தன் உடலின் பருமனைப் போல் எத்தனையோ மடங்கு திரவத்தைத் தன்னோடு பிடித்து வைத்துக்கொள்கிறது. சங்கிலி நீள நீள அது பிடித்து வைக்கும் இடம் எடையைவிட வேகமாகப் பெருகுகிறது. ஆகவேதான் சங்கிலிகளுக்கு மட்டும் பாகுநிலையைக் கொண்டு எடையை அறிதல் சாத்தியமாகிறது.

இனி, இவை சங்கிலிகள்தாம் என்பதே ஐயத்துக்கு உள்ளாகியிருந்த காலத்துக்குச் செல்வோம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், ரப்பரும் செல்லுலோஸும் சிறு மூலக்கூறுகள் ஏதோ ஒரு மெல்லிய கவர்ச்சியால் திரண்டு நிற்கும் கூட்டங்கள் என்பதே பெரும்பாலோர் அபிப்பிராயம். எமில் பிஷர், தம் கையால் பதினெட்டு அமினோ அமிலங்களை இணைத்து 1907இல் உண்டாக்கிய பொருளின் எடை 1,213. அதைவிட நான்கைந்து மடங்குக்கு மேற்பட்ட மூலக்கூறு இருத்தல் அரிது என்பது அக்காலத்து மதிப்பு. மூலக்கூறு எடையைக் காண அப்போது கைகண்ட முறை, கரைசலின் உறைநிலை எவ்வளவு தாழ்கிறது என்று பார்ப்பது. ஒரு லட்சம் எடையுள்ள பலபடியைத் தண்ணீரில் லிட்டருக்குப் பத்து கிராம் கரைத்தால், உறைநிலை ஒரு டிகிரியில் பதினாயிரத்தில் இரண்டு பங்கு மாத்திரமே தாழும். ஒரு துளி உப்பு அழுக்காய்க் கலந்திருந்தாலும் அந்த நுண்ணிய மாற்றம் மூழ்கிப்போகும். அளக்க முடியாத பெரிய எண்கள் வந்தபோதெல்லாம், முறைதான் தவறிவிட்டது என்று அவற்றை ஒதுக்கிவைத்தனர்.

இந்நிலையில், ஜூரிக் நகரில் பேராசிரியராயிருந்த ஹெர்மான் ஸ்டௌடிங்கர், 1920இல் வெளியிட்ட கட்டுரையில், இவை கூட்டங்கள் அல்ல, சாதாரணமான ரசாயனப் பிணைப்புகளால் முனையோடு முனை கோக்கப்பெற்ற நெடுஞ்சங்கிலிகளே என்று வாதித்தார்; இரண்டாண்டுகள் கழித்து அவற்றுக்குப் பெருமூலக்கூறுகள் என்றும் பெயரிட்டார். எதிர்ப்பு கடுமையாக இருந்தது. ஐயாயிரத்துக்கு மேற்பட்ட எடையுள்ள கரிம மூலக்கூறுகள் இல்லை, ரப்பரை நன்றாகச் சுத்தி செய்யுங்கள், அது படிகமாகிவிடும் என்ற கருத்தில், பேரறிஞரான வீலாந்து தமக்கு அறிவுரை கூறியதை ஸ்டௌடிங்கர் பிற்காலத்தில் தம் நினைவுக் குறிப்புகளில் எழுதியிருக்கிறார். 1926இல் டியூஸல்டார்ஃப் நகரில் கூடிய விஞ்ஞானிகள் சபையிலும் இவ்விவாதமே நடந்தது.

அவ்வாண்டிலேயே ஃபிரைபர்க்குக்குச் சென்ற ஸ்டௌடிங்கர், பாகுநிலையைத் தம் பிரதான சாட்சியாக்கினார். ஸ்வீடனின் உப்சாலாவில் ஸ்வேத்பெர்க், புரதக் கரைசல்களை அதிவேகத்தில் சுழற்றிப் படியவைத்து எடை காணும் பெருங்கருவியை அமைத்துக்கொண்டிருந்த காலம் அது. ஃபிரைபர்க்கில் கையாளப்பட்டதோ கண்ணாடிக் குழாய். குறுகிய சங்கிலிகளை முதலில் எடுத்து, அவற்றின் எடையை உறைநிலை முறையால் ஐயமறத் தெரிந்துகொண்டு, அவற்றின் பாகுநிலை நீளத்தோடு எப்படி ஏறுகிறது என்று கண்டு, அந்த ஏற்றத்தை நீண்ட சங்கிலிகளுக்கும் விரித்தார். அதைவிட வலிமையான வாதம் மற்றொன்று. செல்லுலோஸை ரசாயன முறையால் அசிட்டேட்டாகவும் நைட்ரேட்டாகவும் மாற்றி, வெவ்வேறு கரைப்பான்களில் கரைத்து அளந்தபோதும், சங்கிலியில் உள்ள அலகுகளின் எண்ணிக்கை மாறாமலே நின்றது. மெல்லிய கவர்ச்சியால் சேர்ந்த கூட்டமாயிருந்தால், பொருளின் இயல்பும் கரைப்பானும் மாறும்போது அது கலைந்து வேறு அளவில் கூடியிருக்க வேண்டும் அல்லவா? இந்தக் கேள்விக்கு எதிர்க்கட்சியாரிடம் தக்க விடை இல்லை. 1953இல், தம் எழுபத்திரண்டாம் வயதில், ஸ்டௌடிங்கர் நோபல் பரிசு பெற்றார்.

எனினும், அவர் கூறியது முழுவதும் சரியாகிவிடவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். பாகுநிலை சங்கிலியின் எடைக்கு நேர் விகிதத்தில் ஏறும் என்றும், சங்கிலிகள் விறைத்த குச்சிகள் என்றும் அவர் நெடுங்காலம் பிடிவாதமாக நம்பினார். வெர்னர் கூனும் ஹெர்மன் மார்க்கும், சங்கிலி ஓயாது நெளிந்து சுருளும் இயல்புடையது என்று காட்டினர். மார்க், ஹோவிங்க், சகுராடா ஆகிய மூவர் பெயராலும் இன்று வழங்கும் விதி, உள்ளார்ந்த பாகுநிலை எடையின் ஓர் அடுக்குக்கு ஏற்ப ஏறும் என்கிறது. அந்த அடுக்கு ஒன்றாகவே இருக்க வேண்டும் என்பதில்லை. சங்கிலியின் நீளத்தை இரட்டித்தால் என்ன ஆகும் என்று கேட்பதே இதைப் புரிந்துகொள்ள எளிய வழி. இறுகிய உருண்டையாயின் உள்ளார்ந்த பாகுநிலை மாறாது. தளர்ந்த சுருளாயின், கரைப்பான் எவ்வளவு உவப்பானது என்பதைப் பொறுத்து, ஏறத்தாழ 1.4 முதல் 1.75 மடங்கு ஏறும். விறைத்த குச்சியாயின் மூன்று மடங்கையும் தாண்டும். ஆகவே இவ்விதியிலிருந்து எடையை மட்டுமன்றி, மூலக்கூறின் வடிவத்தையும் படித்துக்கொள்ளலாம். ஒரு பெரும் உண்மைக்காகத் தனித்து நின்று போராடிய ஒருவர், அதே உண்மையின் ஒரு பகுதியைப் பிறர் காட்டியபோது ஏற்கத் தயங்கினார் என்பதால் அவர் பெருமை குறைவதாக நான் எண்ணவில்லை.

அந்த அடுக்கையும், அதனுடன் வரும் மாறிலியையும் பாகுநிலைமானி தானாகத் தராது. ஒவ்வொரு பலபடிக்கும், ஒவ்வொரு கரைப்பானுக்கும், ஒவ்வொரு வெப்பநிலைக்கும், வேறு ஒரு முறையால் எடை தெரிந்த மாதிரிகளை வைத்துக்கொண்டு அவற்றை நிர்ணயிக்க வேண்டும். அதற்குரிய முறைகளுள் ஒன்று ஊடுபரவல் அழுத்தம். முன்பு கூறிய லட்சம் எடைக் கரைசல் உறைநிலையில் புலனாகாத மாற்றமே தந்தாலும், அழுத்தத்தில் நீரை இருபத்தைந்து மில்லிமீட்டர் உயரம் தள்ளிக் காட்டும். மற்றொன்று ஒளிச்சிதறல். கரைசலில் ஒளிக்கற்றையைப் பாய்ச்சினால், ஒரே எடைப் பதார்த்தம் சிறு துண்டுகளாய்க் கிடப்பதைவிடப் பெருந்துண்டுகளாய்க் கிடக்கும்போது பக்கவாட்டில் மிகுதியாக ஒளியைச் சிதறும். திருச்சிராப்பள்ளியில் பிறந்த சர் சி. வி. ராமன், கல்கத்தாவில் பணியாற்றிய காலத்தில், 1927இலேயே, கூழ்மக் கரைசல்களின் ஒளிச்சிதறலுக்கும் ஊடுபரவல் அழுத்தத்துக்கும் உள்ள உறவை எழுதியிருக்கிறார் என்பது, ராமன் விளைவின் பேரொளியில் நம் கண்ணுக்குப் படாமல் போன செய்தி. பலபடிகளின் எடை காணும் முறையாக ஒளிச்சிதறலை 1944இல் விரித்துரைத்தவர் டெபாய்.

இயற்கைப் பொருளில் சங்கிலிகள் யாவும் ஒரே நீளத்தில் இருப்பதில்லை. ஊடுபரவல் அழுத்தம் தலைகளை எண்ணிச் சராசரி காண்கிறது. ஒளிச்சிதறல் கனத்தவற்றுக்கு மிகுந்த மதிப்புக் கொடுக்கிறது. பாகுநிலை தரும் சராசரி, சுருள் சங்கிலிகளில், இவ்விரண்டுக்கும் நடுவே, பின்னதற்கு நெருங்கி நிற்கிறது. மின்னேற்றம் தாங்கிய சங்கிலிகளிலோ வேறொரு சிக்கல். மன்னார் வளைகுடாக் கரையில் எடுக்கப்பெறும் கடற்பாசியிலிருந்து ஆல்ஜினேட் என்னும் பலபடி கிடைக்கிறது. அதைத் தூய நீரில் கரைத்து நீர்க்கச் செய்துகொண்டே போனால், எண்கள் ஒழுங்காக இறங்குவதற்குப் பதிலாக மேலே பாய்கின்றன. ஒரே வகை மின்னேற்றம் உள்ள பகுதிகள் ஒன்றையொன்று விலக்கித் தள்ள, சுற்றிலும் உள்ள எதிர் அயனிகள் அகலஅகலச் சங்கிலி விறைத்து நீளுவதே காரணம். சிறிது சமையல் உப்பைச் சேர்த்தால் விலக்கல் தணிந்து கோடு நேராகிவிடும்.

கொலாஜனை மீண்டும் நினைவுகூர்வோம். சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி. என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும், எக்ஸ் கதிர்ப் படங்களை ஆதாரமாகக் கொண்டு, அது மூன்று இழைகள் முறுக்கிய புரி என்று 1954இலும் 1955இலும் எழுதினர். 1956இல் ஹார்வர்டில் ஹெல்கா போட்கரும் பால் டாட்டியும், ஒளிச்சிதறலையும் பாகுநிலையையும் சேர்த்துக் கையாண்டு, கரைசலில் தனித்து நிற்கும் கொலாஜன் மூலக்கூறு, குறுக்களவைப் போல் இருநூறு மடங்குக்கு மேல் நீளமுள்ள குச்சி என்று கண்டனர். அதையே மிதமாகச் சூடாக்கினால், புரி அவிழ்ந்து, பாகுநிலை சடுதியில் சரிந்துவிடுகிறது. எஞ்சுவது நாம் அறிந்த ஜெலட்டின். படிகத்தையோ நாரையோ பார்த்து ஊகித்த வடிவத்தைக் கரைசலில் நேரே சோதித்துப் பார்க்க முடிந்தது இவ்வகை அளவுகளாலேயே.

பாகுநிலையின் வரலாற்றில் மிக நெஞ்சைத் தொடும் பகுதி டி.என்.ஏ.யைச் சேர்ந்தது. ஸ்டௌடிங்கரின் மாணவரான ருடால்ஃப் சிக்னர், டி.என்.ஏ.யின் எடை ஐந்து லட்சத்திலிருந்து பத்து லட்சம் வரை இருக்கும் என்று 1938இல் ஸ்வீடன் அறிஞர்களுடன் சேர்ந்து வெளியிட்டார். பின்னர் பெர்ன் நகரில் இருந்துகொண்டு கன்றின் தைமஸ் சுரப்பியிலிருந்து மிக மென்மையான முறையில் டி.என்.ஏ.யைப் பிரித்தெடுத்து, 1950இல் லண்டனுக்கு அதைக் கொண்டு வந்து அங்கிருந்த விஞ்ஞானிகளுக்குப் பங்கிட்டுக் கொடுத்தார். மாரிஸ் வில்கின்ஸ் பெற்ற அந்தப் பங்கிலிருந்து இழுத்த மெல்லிய இழையைக் கொண்டே, ரோஸலின்ட் ஃபிராங்க்ளினும் அவர் மாணவர் ரேமண்ட் கோஸ்லிங்கும் 1952இல் புகழ்பெற்ற ஐம்பத்தோராம் எக்ஸ் கதிர்ப் படத்தை எடுத்தனர்.

அதற்கு ஐந்தாண்டுகளுக்கு முன்னரே, இங்கிலாந்தின் நாட்டிங்ஹாமில், மேசன் கலண்டும் ஜோர்டனும் அவர்களுடைய மாணவர் மைக்கேல் கிரீத்தும் டி.என்.ஏ. கரைசலின் பாகுநிலையை அளந்துகொண்டிருந்தனர். அமிலமும் காரமும் அற்ற நடுநிலையில் அது மிகவும் தடித்திருந்தது. சிறிது சிறிதாக அமிலம் சேர்த்துக்கொண்டே போனபோது, நெடுநேரம் யாதொரு மாறுதலும் இல்லாமலிருந்து, ஒரு குறிப்பிட்ட நிலையில் பாகுநிலை திடீரென்று வீழ்ந்தது. காரம் சேர்த்தபோதும் அப்படியே. காரங்களும் அமிலங்களும் டி.என்.ஏ.யின் மூலங்கள் எனப்படும் பகுதிகளைத் தாக்கும் எல்லைகளும், இந்த வீழ்ச்சி நேரும் எல்லைகளும் ஒன்றாகவே இருந்தன. முதன்மைப் பிணைப்புகளை அறுக்கத்தக்க வன்மை அந்த அமிலத்துக்கு இல்லை. ஆதலால் மூலங்களை ஒன்றோடொன்று பிணைத்து நிற்பவை மெல்லிய ஹைட்ரஜன் பிணைப்புகளே என்று அவர்கள் 1947இல் முடிவு கட்டினர். இரட்டைச் சுருளை வாட்ஸனும் கிரிக்கும் வெளியிட இன்னும் ஆறு ஆண்டுகள் இருந்தன. 1947 அக்டோபர் 26ஆம் நாள் நேர்ந்த ரயில் விபத்தில் கலண்ட் உயிர் நீத்தார். அந்தக் குழுவும் கலைந்தது. தம் அளவுகள் எந்த மாளிகைக்கு அடித்தளமாயின என்பதைக் காண அவருக்குக் கொடுத்துவைக்கவில்லை.

டி.என்.ஏ.யின் உண்மையான எடை சிக்னர் கண்டதைவிட மிகப் பெரியது என்பது பின்னர்த் தெரிந்தது; ஒடுங்கிய குழாயில் உறிஞ்சும்போது ஓட்டத்தின் இழுப்பிலேயே அந்த நெடுஞ்சங்கிலி அறுந்துபோகிறது. அளக்கும் செயலே அளக்கப்படும் பொருளைச் சிதைத்துக்கொண்டிருந்தது. இந்த இடையூற்றைக் கலிபோர்னியாவில் புரூனோ ஜிம்மும் ரூத் கவனாஃபும் வெகு நேர்த்தியாகக் கடந்தனர். பழ ஈயின் உயிரணுக்களைப் பாகுநிலைமானியின் பாத்திரத்துக்குள்ளேயே வைத்துக் கரைத்து, வெளியே எடுக்காமலும் ஊற்றாமலும், உள்ளே மிதந்த உருளையை மிக மெதுவாகச் சுழற்றிச் சங்கிலிகளை நீட்டிவிட்டு, பிறகு சுழற்சியை நிறுத்தினர். நீண்ட சங்கிலிகள் மீண்டும் சுருள முயல, உருளை தானாகவே பின்னோக்கித் திரும்பியது. திரும்பி ஓய எடுத்துக்கொண்ட நேரத்திலிருந்து, கரைசலில் உள்ள மிகப் பெரிய மூலக்கூறின் எடையைக் கணக்கிட்டனர். 1973இல் அவர்கள் கண்ட எண் நாலாயிரம் கோடிக்கும் மேல். ஒரு குரோமோசோமில் உள்ள டி.என்.ஏ. முழுவதும் அறுபடாத ஒரே சங்கிலி என்பது அதனால் துலங்கிற்று.

இத்தகைய உயர்ந்த ஆராய்ச்சிகளில் மட்டுமே இம்முறை பயன்படுவதாக யாரும் எண்ண வேண்டியதில்லை. முழங்கால் மூட்டினுள் வழுவழுப்பைத் தரும் ஹயலுரானிக் அமிலம் பல லட்சம் எடையுள்ள சங்கிலி. வாத நோயில் அச்சங்கிலி குறுகி, மூட்டு நீரின் பாகுநிலை தாழ்கிறது. கொத்தவரைப் பசையை விற்பவரும் வாங்குபவரும் அதன் பாகுநிலையைக் கொண்டே தரம் பார்க்கிறார்கள். ஆயினும் எனக்கு மிகவும் வியப்பளிப்பது மின்சார டிரான்ஸ்ஃபார்மரின் உள்ளே இருக்கும் காகிதம். செம்புக் கம்பிச் சுருள்களைச் சுற்றி எண்ணெயில் ஊறிக் கிடக்கும் அந்தக் காகிதம் புதிதாயிருக்கும்போது, அதன் செல்லுலோஸ் சங்கிலியில் ஆயிரம் முதல் ஆயிரத்திருநூறு வரை குளுகோஸ் அலகுகள் இருக்கும். ஆண்டுக்கணக்கில் வெப்பமும் ஈரமும் ஆக்ஸிஜனும் தாக்கத் தாக்கச் சங்கிலி அங்கங்கே அறுந்து குறுகுகிறது; சராசரி இருநூறு அலகுகளுக்கு வந்துவிட்டால், காகிதம் உருவத்தில் அப்படியே இருந்தாலும், இழுவிசை தாங்கும் வலிமை போய்விட்டது என்றும், ஒரு பெரிய அதிர்ச்சியில் அது நொறுங்கக்கூடும் என்றும் பொறியாளர்கள் கொள்கிறார்கள். அக்காகிதத்தில் ஒரு சிறு துணுக்கைக் கிழித்து எண்ணெய் போக்கி, தாமிரமும் எத்திலீன் டையமினும் சேர்ந்த ஆழ்ந்த நீலநிறக் கரைசலில் கரைத்து, நுண்குழாயில் ஓடவிட்டு நேரம் பார்ப்பதே இருநூறா ஐந்நூறா என்று அறியும் முறை. ஓடிக்கொண்டிருக்கும் டிரான்ஸ்ஃபார்மரைத் திறந்து காகிதம் எடுப்பது எளிதன்று. ஆகவே சங்கிலி அறும்போது எண்ணெயில் கலக்கும் ஃபர்ஃபுரால் என்னும் பொருளின் அளவை அவ்வப்போது சோதித்துக் காகிதத்தின் நிலையை உத்தேசமாக அறிகிறார்கள். அந்த உத்தேசத்துக்கு அடிப்படையான அட்டவணைகளும், பழைய டிரான்ஸ்ஃபார்மர்களைப் பிரித்தெடுத்த காகிதத்தை நுண்குழாயில் ஓடவிட்டுக் கணக்கிட்டவையே.